சைக்கிள் கடையில் ஆறு வருடங்கள்

நீங்கள் எதைப் பற்றிப் பேசினீர்கள்? வெள்ளெலியா, எரிமலையா, டொல்பினா? தொண்ணூறுகளில் இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன நம் வயதுக்காரர் ஒருவரும் ‘ஃபோர்ட்ராக்’ என்ற வில்லங்கத்திலிருந்து தப்பியிருக்க மாட்டார்கள். வகுப்புக்கு முன்னால் நின்று, சின்னச் சின்ன அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு விஷயத்தைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேச வேண்டும். பின்னால் சுவரில் நாமே படம் ஒட்டிய பெரிய தாள் தொங்க வேண்டும். நம் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் யானையை எடுத்தார்கள், இல்லாவிட்டால் தேயிலையை எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் தேயிலை எங்கே முளைக்கிறது என்று எந்த ஆசிரியையும் கேட்டதில்லை. நாங்களும் வாய் திறந்ததில்லை.

நான் ஆர்க்காங்கெல்ஸ்க்கைப் பற்றிப் பேசினேன். அது ரஷ்யாவின் வடக்கு ஓரத்தில், வெள்ளைக்கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் துறைமுக நகரம். பதினொரு வயதில் அதைத் தேர்ந்தெடுத்ததற்காக என்னை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. இப்போது மருந்துப் பெட்டியில் இருப்பதை வாசிக்கவே கண்ணாடி தேடும் வயது வந்துவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் சொல்ல முடியாமலே போய்விடும் என்று தோன்றுகிறது.

அப்போது நாங்கள் பேர்ன் நகரத்துக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தட்டில் இருந்தோம். அம்மா விடிய எழும்பி ஆஸ்பத்திரிக்குத் துப்புரவு வேலைக்குப் போய்விடுவார். அப்பா பேர்ன் நகரத்தில் ஒரு ரெஸ்டோரன்டில் பாத்திரம் கழுவினார். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும் வரை சமையலறைக்காரர்களுக்கு ஓர் இடைவேளை கொடுப்பார்கள். அந்த நேரத்தில் அப்பா பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, ஐந்து மணிக்கு முன் திரும்பிப் போவார். புதன்கிழமை பின்னேரங்களில் எங்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஆகவே புதன் பின்னேரம் என்றால் வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். அவருடைய விரல் நுனிகள் வெந்நீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருக்கும். சட்டையில் பாத்திரம் கழுவும் தூளின் வாசம் வரும். எலுமிச்சம்பழத்தை ஆஸ்பத்திரிக்குள் வைத்து நசித்தால் வரக்கூடிய வாசம்.

அந்த மனிதர் ஒரு இன்ஜினியர். எழுபதுகளின் கடைசியில், ரஷ்யாவுக்குப் பிள்ளைகளை இலவசமாகப் படிக்க அனுப்பிய காலத்தில், மருத்துவம் கேட்டு விண்ணப்பித்து, மரத்தொழில் படிப்பு கிடைத்து, ஆர்க்காங்கெல்ஸ்க்கில் ஆறு வருடம் இருந்து பட்டம் வாங்கியவர். ஊருக்குத் திரும்பி வந்தார், அம்மாவைக் கலியாணம் செய்தார், நான் பிறந்தேன், யுத்தம் எங்கள் ஊருக்கும் வந்தது. எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது மூன்று பேரும் இங்கே வந்து அகதி விண்ணப்பம் போட்டோம்.

ஆனால் எங்கள் கேஸில் ரஷ்யா கிடையாது. அதற்குக் காரணம் மாமா. அம்மாவின் மூத்த அண்ணர், எங்களுக்கு ஏழு வருடம் முந்தி இந்த நாட்டுக்கு வந்தவர். புதிதாக வருகிறவர்கள் விசாரணைக்குப் போகுமுன் மாமாவின் குசினி மேசையில் உட்கார்ந்து, என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டுதான் போவார்கள். உங்கள் வீடுகளிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். அவர் வழக்கறிஞர் அல்ல, ஆனால் வழக்கறிஞருக்கு இல்லாத மரியாதை அவருக்கு இருந்தது.

“ரஷ்யாவை வாயில எடுக்கப்படாது மச்சான்,” என்று மாமா சொல்லியிருக்கிறார். “கம்யூனிஸ்ட் எண்டு எழுதிப்போடுவாங்கள். இல்லாட்டி, உமக்குப் பாஷை தெரியுந்தானே, அங்க போய் அகதியெண்டு அசூல் கேளும் எண்டு பிளேன் ஏத்திவிடுவாங்கள். எத்தினை பேரை மொஸ்கோவுக்குத் திருப்பி விட்டவங்கள் எண்டு உமக்குத் தெரியுமோ?”

ஆறு வருடத்தை வெறுமையாக விட முடியாது. ஆகவே அந்த ஆறு வருடமும் அப்பா சுன்னாகத்தில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் சைக்கிள் கடையில் வேலை செய்தார் என்று முடிவாயிற்று. முதல் விசாரணைக்கு முன் அம்மா அப்பாவுக்குப் பாடம் எடுத்தது எனக்கு நல்ல ஞாபகம். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார்.

“கடை எந்தத் திக்கைப் பார்த்தது?”

“கிழக்கு.”

“ரெண்டு பக்கமும் என்ன?”

“ஒரு பக்கம் தேத்தண்ணிக் கடை, மற்றப் பக்கம் தையல்காரன்.”

“முதலாளிக்கு எத்தினை பிள்ளையள்?”

“ரெண்டு.”

“மூண்டு, இஞ்சாருங்கோ. மூண்டு. கடைசிப் பெடிச்சிக்குப் போலியோ.”

அப்பா கெட்டிக்கார மாணவர். நாலைந்து நாளில் அவர் ஒருநாளும் கால் வைக்காத அந்தக் கடையின் சுவரில் தொங்கிய காலண்டர் வரைக்கும் சொல்லத் தொடங்கிவிட்டார். விசாரணையில் எல்லாம் சரியாகச் சொன்னார். பிறகு நாலு வருடம் ஒரு பதிலும் வரவில்லை. இந்த நாட்டில் எங்கள் இருப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒரு மடித்த அட்டையில் இருந்தது.

ஐந்தாம் வகுப்பில் ஃபோர்ட்ராக் வந்தபோது நான் யானைக்குத்தான் பெயர் கொடுப்பதாக இருந்தேன். பெரிய தாளுக்குப் படம் தேடி, கட்டிலுக்குக் கீழே இருந்த சூட்கேசைத் திறந்தேன். பழைய சேலைகளுக்கு அடியில் சிவப்பு மட்டை போட்ட ஒரு பட்டச் சான்றிதழ், சட்டையில் குத்தும் நீல நிறச் சின்னம் ஒன்று, ஐந்து புகைப்படங்கள். ஒன்றில் அப்பா மயிர்த்தொப்பி போட்டு, உறைந்த ஆற்றின் நடுவில் நின்று, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, அந்த ஆற்றின் மீது.

அன்று புதன்கிழமை. அப்பா வந்ததும் படத்தைக் காட்டி, “இதைப் பற்றி வகுப்பில கதைக்கட்டோ?” என்று கேட்டேன். அவர் படத்தை வாங்கி, கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார்.

“கதை,” என்றார் கடைசியில். “ஆனா அப்பா படிச்சவர் எண்டு சொல்லாதை. புத்தகத்தில பார்த்தது எண்டு சொல்லு.”

அதன் பிறகு ஐந்து புதன்கிழமைகள். என் வாழ்க்கையில் அப்பா என்னோடு அவ்வளவு கதைத்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, மேசை விரிப்பில் கரண்டியால் ஆற்றைக் கீறுவார். இது டிவினா ஆறு, இது கடல், இது ஊர். பீட்டர்ஸ்பேர்க் என்ற நகரமே இல்லாத காலத்தில் ரஷ்யாவுக்குக் கடல்வழியாகப் போகவர இருந்த ஒரே வாசல் இதுதான். இங்கிலாந்துக்காரரும் ஒல்லாந்தரும் கப்பலில் வந்து மெழுகும் தோலும் தாரும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு சார் மன்னன் புதுத் துறைமுகம் கட்டி, வியாபாரம் எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிட்டான். ஊர் படுத்துவிட்டது. மரம்தான் அதை மறுபடி எழுப்பிற்று.

“நடைபாதையும் பலகைதான். நடந்தா மற்றத் தலைப்பில நிக்கிறவனுக்குக் கால் ஆடும். கோடையில ஆறு முழுக்க மரக்குத்தி மிதக்கும், தண்ணியைக் காணேலாது. ஊரெல்லாம் அறுத்த மரத்தூள் மணம். காத்து மாறினா கடுதாசி ஆலையின்ர நாத்தம், கூழ்முட்டை மாதிரி.”

“பள்ளிக்கூடம்?”

“அது பெரிய கட்டிடம். கீழ்த்தட்டில மரம் அறுக்கிற மெசின். மேல மியூசியம் மாதிரி ஒரு அறை, நூறு சாதி மரத்தின்ர குறுக்குவெட்டு. கண்ணை மூடித் தடவிப் பேர் சொல்லவேணும், அதுவும் சோதனை.” சொல்லிவிட்டு எங்கள் மேசையின் ஓரத்தைத் தடவி, “பீச் மரம்,” என்றார். கதிரையைத் தடவி, “இது மரமில்லை, ஏமாத்து,” என்றார்.

கடலின் நடுவில் இருக்கும் தீவு மடத்தைப் பற்றியும் சொன்னார். நாங்கள் கத்தோலிக்கர் என்பதால் துறவிகளின் கதை எனக்குப் பிடித்தது. முதலில் துறவிகள் இருந்தார்கள். புரட்சிக்குப் பின் அதைச் சிறையாக்கினார்கள். சிறையை எடுத்துவிட்டுக் கடற்படைப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். பிறகு மியூசியம். “இப்ப திரும்பவும் துறவிகள் வந்திட்டினமாம்,” என்றார் அப்பா. “அதே சுவர். போர்டு மட்டும்தான் மாறிக்கொண்டிருக்கும்.”

நாலாவது புதன், அங்கே மாணவர் விடுதி வாசலில் சாவிக்கொத்தோடு இருந்த பெண்ணைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெண் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தெற்கே கோதுமை விளையும் ஊரிலிருந்து, கொஞ்சம் நிலம் வைத்திருந்த குற்றத்துக்காகக் குடும்பத்தோடு வடக்கே ஏற்றி வந்திருக்கிறார்கள். நகரத்தில் ஒரு தேவாலயத்துக்குள் பலகைத் தட்டு அடித்து, நூற்றுக்கணக்கான பேரை அடுக்கிப் படுக்க வைத்திருந்தார்களாம். பிறகு காட்டுக்குள் கொண்டுபோய் விட்டு மரம் வெட்டச் சொன்னார்கள். அவருடைய தகப்பனை அங்கிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அந்தப் பெண் வளர்ந்து வேலைக்குப் போனபோது எல்லாப் படிவத்திலும் ‘தகப்பன்: கூலித்தொழிலாளி, காய்ச்சலில் இறந்தார்’ என்றே எழுதினார். ஐம்பது வயது வரைக்கும் அப்படியே எழுதினார்.

“எனக்கு ஏன் சொன்னவ எண்டு தெரியாது,” என்றார் அப்பா. “நான் வெளிநாட்டுக்காரன் எண்டபடியாலாக்கும். படிவத்தில குறைச்சு எழுது தம்பி எண்டு சொன்னவ. இதை நீ வகுப்பில சொல்லாதை.”

அதை நான் சொல்லவில்லை. அதுவரை சொன்ன பேச்சுக் கேட்டேன்.

விரிவுரை நன்றாகத்தான் போயிற்று. ஆற்றைக் கீறினேன். மடத்தின் கதையைச் சொன்னேன். சூட்கேசிலிருந்த படங்களில் ஆள் இல்லாத இரண்டைத் தாளில் ஒட்டியிருந்தேன். கேள்வி நேரம் வந்தபோது ஆசிரியை, “இதையெல்லாம் எந்தப் புத்தகத்தில் வாசித்தாய்?” என்று ஆசையாகத்தான் கேட்டார். அவர் மரச்செருப்புப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வரும் நல்ல பெண். நான் கையிலிருந்த அட்டைகளைப் புரட்டினேன். முன்வரிசையில் இருந்த இறைச்சிக்கடைக்காரரின் மகள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. “இவளுடைய அப்பா ரெஸ்டோரன்டுக்குப் பின்னால் குப்பைத் தொட்டி தள்ளுகிறவர். நான் பார்த்திருக்கிறேன்.”

“என் அப்பா அங்கே படித்தவர்,” என்றேன். “ஆறு வருடம். அவர் மரத்தொழில் இன்ஜினியர்.”

இருபத்திரண்டு பேரும் கை தட்டினார்கள். வெட்கத்தில் இல்லை, கோபத்திலும் இல்லை, சந்தோஷத்தில் எனக்குக் காது சூடாயிற்று. அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை.

நாலு நாளைக்குப் பிறகு ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, எங்கள் குடும்பத்துக்காக ஒரு கடிதம் எழுதி அகதி அலுவலகத்துக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். இவ்வளவு படித்த தகப்பன், இவ்வளவு கெட்டிக்கார மகள், இவர்களை இந்த நாடு இழக்கக் கூடாது என்று எழுதினாராம். அவர் முகம் பூரித்துப்போயிருந்தது. வீட்டில் நான் மூச்சு விடவில்லை.

மூன்று வாரத்தில் மேலதிக விசாரணைக்கு அழைப்பு வந்தது. எங்கள் வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதங்களையெல்லாம் வாசித்துச் சொல்வது நான்தான். உங்கள் வீட்டில் நீங்கள் செய்ததுபோல. ‘விண்ணப்பதாரியின் கல்வி பற்றிப் புதிய தகவல் கிடைத்துள்ளது’ என்ற வரியை இரண்டு தரம் வாசித்தேன். அப்பா என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டார்.

அப்பா அடிக்கவில்லை, ஏசவுமில்லை.

“எத்தினை பேருக்கு முன்னால சொன்னனீ?”

“இருபத்திரண்டு.”

“சிரிச்சவையோ?”

“இல்லை. கை தட்டினவை.”

அவர் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. பிறகு எழும்பி வேலைக்குப் போனார்.

அப்பா போனதும் அம்மா சூட்கேசை இழுத்தார். வீட்டைச் சோதனை போட வருவார்கள் என்ற பயம் அவருக்கு. ஊரில் அப்படித்தான் வந்தார்கள், இங்கேயும் வருவார்கள் என்று நினைத்தார். சிவப்பு மட்டை, நீலச் சின்னம், மிச்சமிருந்த மூன்று படங்கள், எல்லாவற்றையும் குப்பைப் பைக்குள் போட்டு, மேலே தேயிலைச் சக்கையையும் வெங்காயத்தோலையும் கொட்டினார். பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றது நான். கடைசியாக உள்ளே போனது மயிர்த்தொப்பிப் படம். அது சக்கையின் மேல் மல்லாந்து விழுந்து, அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். அம்மா கையால் அழுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமா வந்தார். சோபாவின் நடுவில் உட்கார்ந்து, விஷயத்தைக் கேட்டு, கண்ணை மூடி யோசித்தார்.

“ஒண்டுமில்லை,” என்றார். “சின்னப்பிள்ளை. வகுப்பில பெருமை கதைக்கக் கட்டிவிட்ட கதை எண்டு சொல்லும். ஆர் சின்னப்பிள்ளையின்ர கதையை நம்பப் போறான்? உம்மட கடை கடையாவே இருக்கட்டும். மாத்திச் சொன்னீரோ, முதல் சொன்ன எல்லாம் பொய்யெண்டு ஒரேயடியாத் தள்ளிப்போடுவாங்கள். ஆமி பிடிச்சது, அடிச்சது, அதுவும் பொய்யெண்டுவாங்கள்.”

அம்மா, “ஓம் அண்ணை,” என்றார். அப்பா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவுக்கு முன்னால் அப்பா கதைக்காமல் இருந்தால் அதைச் சம்மதம் என்றே எங்கள் வீட்டில் எடுத்துக்கொள்வோம். அவ்வளவு வருடமும் அப்படித்தான் எடுத்தோம். அன்றும் எடுத்தோம். என்னிடம் மட்டும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பொய்க்காரி என்று என்னை எழுதப் போகிறார்கள், அப்பா அதற்கு ஓம் என்கிறார் என்பது எனக்கு விளங்கியது.

அடுத்த வியாழன் எங்கள் உடுப்புத் தோய்க்கும் முறை. நிலக்கீழ் அறையில் மெசின் சுற்றிக்கொண்டிருக்க, அம்மா என் இரண்டு தோளையும் பிடித்தார்.

“நீ போய் டீச்சரிட்டச் சொல்லு. நான் பொய் சொன்னனான் எண்டு சொல்லு. அவ திரும்பவும் ஒரு கடிதம் எழுதட்டும். அப்பாக்குத் தெரியவேண்டாம், அவர் கவலைப்படுவார். எங்களை அனுப்பினா அப்பாவை என்ன செய்வாங்கள் எண்டு உனக்குத் தெரியுந்தானே?”

தெரியும். ஆமி பிடித்து அடித்துத் திருப்பி அனுப்பியபோது அப்பாவின் முதுகு எப்படி இருந்தது என்று நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மணி அடித்த பிறகு ஆசிரியையின் மேசைக்கு முன்னால் நின்று சொன்னேன். அப்பா ரஷ்யாவுக்குப் போகவில்லை. நூலகத்தில் படம் பார்த்து நானே கதை கட்டினேன். ஆசிரியை கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, “நான் என் பெயரைப் போட்டு எழுதினேனே,” என்றார். பிறகு, திருத்தி இன்னொரு கடிதம் எழுதுவது தன் கடமை என்றார். சுவரிலிருந்த தாளை என்னையே கழற்றச் சொன்னார். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அந்த வருடம் முடியும்வரை என் கணக்குக் கொப்பியைக்கூட அவர் இரண்டு தரம் பார்த்தார்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது எந்தப் பொய்யைச் சொல்வது என்று தெரியாமல் தவித்தேன். பொய் சொன்னேன் என்று பொய் சொன்னேன், சுவாமி. குருவானவருக்கு வயதாகிவிட்டது, காதும் மந்தம். மூன்று தரம் ‘அருள்நிறைந்த மரியே’ செபம் சொல்லச் சொன்னார்.

விசாரணை நாளன்று மூடுபனி. அப்பா மாமாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். பின்னேரம் திரும்பியதும் அம்மா வாசலிலேயே, “சொன்னனீங்களோ?” என்று கேட்டார்.

“சொல்லவேண்டியதைச் சொன்னன்,” என்றார் அப்பா. என் தலையில் கை வைத்து, “சாப்பிட்டனியோ?” என்று கேட்டார். நான் தலையை விலக்கிக்கொண்டேன்.

வசந்தத்தில் பதில் வந்தது. தடித்த கடிதம். முதன்முறையாக அப்பா அதை வாசிக்கச் சொல்லி என்னிடம் தரவில்லை. உறையை உடைக்காமல் கோட்டுப் பையில் வைத்து, கோவிலடியில் அகதிகளுக்கு ஆலோசனை சொல்லும் ஒருவரிடம் கொண்டுபோனார். திரும்பி வந்து, “இல்லையெண்டிட்டாங்கள். அப்பீல் போடலாமாம்,” என்றார். “என்னவாம் காரணம்?” என்று மாமா தொலைபேசியில் கேட்டது எனக்கும் கேட்டது. “பொதுவா நம்பேல்லையாம்,” என்றார் அப்பா. பொய்க்காரியின் வாயால் கடிதம் வாசிக்க வேண்டாம் என்று நினைக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அப்பீல் ஐந்து வருடம் இழுத்தது. அந்த மடித்த அட்டையை வைத்துக்கொண்டு அப்பாவால் சமையலறையை விட்டு நகர முடியவில்லை. பக்கத்து ஊர் மர ஆலைக்காரர் ஒருவர் வேலைக்கு எடுக்க ஆசைப்பட்டும் அனுமதி கிடைக்கவில்லை. பதினாறு வயதில் என் வகுப்பு வியன்னாவுக்குச் சுற்றுலா போனபோது எனக்கு எல்லை தாண்ட முடியவில்லை. அன்று வீட்டில் கத்தினேன்.

“நீங்கள் என்னைப் பொய்க்காரி எண்டு எழுதிக் குடுத்தனீங்கள். எழுதிக் குடுத்தும் ஒண்டும் கிடைக்கேல்லை.”

அப்பா மேசை துடைத்துக்கொண்டிருந்தார். துணியை மடித்து மறுபடி துடைத்தார். “கோவிக்காதை பிள்ளை,” என்றார். அவ்வளவுதான். அந்த அமைதியையும் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். பிறகு நெடுங்காலம் அவரோடு தேவைக்கு மட்டும் கதைத்தேன். என் கலியாணத்தில்கூட முகம் பார்த்துக் கதைக்கவில்லை.

பல வருடம் காத்திருந்தவர்களுக்கு இருக்க அனுமதி கொடுத்தபோது எங்களுக்கும் கிடைத்தது. அப்பா அதே சமையலறையில் ஓய்வு பெற்றார். மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். ஒருநாள் அகதி வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். “ரஷ்யாவில் படித்ததா? முதலிலேயே சொல்லியிருந்தால் அதனால் ஒன்றும் வந்திருக்காது,” என்று சொல்லிவிட்டுத் தன் கோப்பியைக் குடித்தார்.

நம் வயதுக்காரர் சிலர் இப்போது பெற்றோரின் பழைய கோப்புகளைக் கேட்டு எடுக்கிறார்கள். போன இலையுதிர் காலத்தில் நானும் எழுதினேன். அப்பாவின் கையெழுத்து வேண்டியிருந்தது. ஓய்வூதியத்துக்கு என்று சொல்லி வாங்கினேன். பாருங்கள், எங்கள் குடும்பத்தில் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது.

விசாரணைக் குறிப்பு பதினொரு பக்கம். ஆசிரியையின் முதல் கடிதத்தைக் காட்டி, இது உண்மையா என்று கேட்கிறார்கள்.

‘பதில்: உண்மை. சைக்கிள் கடைதான் பொய். அதை நான் சொன்னேன்.’

அடுத்த மூன்று பக்கமும் ஆர்க்காங்கெல்ஸ்க். ஆறு எந்தப் பக்கம், படித்த நிறுவனத்துக்கு எத்தனை மாடி, விடுதி எங்கே, பனி எப்போது உடையும். சான்றிதழ் எங்கே என்று கேட்டபோது, தொலைந்துவிட்டது என்கிறார். அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் சொன்ன பெயரில் இப்போது அங்கே ஒரு நிறுவனம் இருப்பதாக உறுதிசெய்ய முடியவில்லை என்கிறார் அதிகாரி. பெயரை மாற்றியிருப்பார்கள், அங்கே எல்லாவற்றுக்கும் மாற்றுவார்கள் என்கிறார் அப்பா.

அதன் பிறகு ஆசிரியையின் இரண்டாவது கடிதம்.

‘கேள்வி: இது முழுவதும் தன் கற்பனை என்று உங்கள் மகளே ஒப்புக்கொண்டிருக்கிறாள். என்ன சொல்கிறீர்கள்?

‘(விண்ணப்பதாரி கடிதத்தை மறுபடி வாசித்துக்காட்டக் கேட்கிறார். தண்ணீர் கொடுக்கப்படுகிறது.)

‘பதில்: இந்தக் கடிதம் எனக்குத் தெரியாது. என் மகள் முதலில் சொன்னதுதான் உண்மை. இரண்டாவது முறை எனக்காகச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பொய்யை அவள் பேரில் எழுத வேண்டாம். என் பேரில் எழுதுங்கள்.’

நிராகரிப்புக் கடிதமும் பின்னாலேயே இருந்தது. முதல் காரணமாக என் ஒப்புதலைத்தான் போட்டிருந்தார்கள். தகப்பனும் மகளும் ஒருவரையொருவர் மறுப்பதால் இருவரையும் நம்ப இடமில்லை என்று. அதைத்தான் அப்பா என்னிடம் வாசிக்கத் தரவில்லை.

குறிப்பின் கடைசிக் கேள்வி எல்லாரிடமும் கேட்பதுதான். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?

‘பதில்: ஓம். இந்த இரண்டாவது கடிதத்தால் எங்களுக்கு ஏதாவது நடந்தால், அது என் மகளுக்குத் தெரிய வேண்டாம்.’

உங்களில் பலருக்கு அப்பாவைத் தெரியும். ஞாயிறு பூசைக்குப் பிறகு பஸ் தரிப்பிடத்தில் நின்று எல்லாரையும் சுகம் விசாரிப்பார். தயவுசெய்து அவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். எனக்கு இன்னும் தெரியாது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.